பரணில் கிடந்த கடிதம்: ஆஸ்திரேலியக் குடும்ப நாவல்கள் பற்றி

இந்த ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டபோது, வழக்கம்போல் சிலப்பதிகாரத்திலோ பாரதியிலோ ஒரு தலைப்பை எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அவற்றை என்னைவிட நன்றாக எழுதக்கூடிய பெரியவர்கள் இந்த நாகபுரியிலேயே நாலைந்து பேர் இருக்கிறார்கள். நான் முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவள். எனக்குத் தெரிந்த கடையில்தானே நான் சரக்கு எடுக்க முடியும்? ஆகவே கொஞ்சம் தூரத்துச் சரக்காக ஒன்றை எடுத்துக்கொண்டேன். ஆஸ்திரேலிய நாவல்கள்.

2014-இல் ஓய்வு பெற்றேன். அடுத்த வருஷமே மகளின் பிரசவத்துக்காக மெல்போர்ன் போய் ஆறு மாசம் இருந்தேன். நம்மில் பலருக்கும் இந்த ஆறு மாச உத்தியோகம் பழக்கமானதுதான். பத்தியச் சமையல், குழந்தைக்கு எண்ணெய்க் குளியல், சாம்பிராணிப் புகை போட்டால் தீ அபாய மணி அடித்துவிடுமோ என்ற பயம், இவை எல்லாம் முடிந்தபின் மத்தியானம் இரண்டு மணி நேரம் எனக்கென்று கிடைக்கும். பத்து நிமிஷ நடையில் ஒரு நூலகம் இருந்தது. மகளின் அட்டையில் ஒரு கட்டுப் புத்தகம் எடுத்துவருவேன். அந்த ஊரில் இருக்கும்போது அந்த ஊர்க்காரர்கள் எழுதியதைப் படிப்போமே என்று, ஆஸ்திரேலிய எழுத்தாளர்களாகவே பார்த்து எடுத்தேன்.

நாலு புத்தகம் முடித்ததும் மகளிடம் சொன்னேன்: "என்னடீ இது, இந்த ஊர்ல எல்லாக் கதையிலயும் யாரோ எதையோ மறைச்சு வச்சிருக்காங்க!"

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

ஒரே அச்சில் வார்த்த கதைகள்

இந்த நாவல்களுக்கு ஒரு பொது அமைப்பு உண்டு. ஒரு குடும்பம் இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் குறை ஒன்றும் தெரியாது. ஒருநாள் ஒரு பொருள் கையில் அகப்படும். பரணில் ஒரு கடிதம், பழைய பெட்டியில் ஒரு புத்தகம், யார் என்று தெரியாத ஒரு முகம் உள்ள புகைப்படம். அதைப் பிடித்துக்கொண்டு போனால் ஐம்பது, அறுபது வருஷத்துக்கு முந்திய ஒரு காதலோ சாவோ ஒரு குழந்தையின் பிறப்போ வெளியே வரும். கதை ஒரு அத்தியாயம் இன்றைக்கு, ஒரு அத்தியாயம் அன்றைக்கு என்று மாறிமாறி நடக்கும். மறைத்தவள் பெரும்பாலும் பாட்டி. கண்டுபிடிப்பவள் பேத்தி. நடுவில் இருக்கும் அம்மா எதுவும் தெரியாமல், ஆனால் ஏதோ சரியில்லை என்று மட்டும் உணர்ந்து, வாழ்நாள் முழுவதும் சிடுசிடுப்பாக இருப்பாள்.

இப்படி எழுதுகிறவர்களில் அதிகம் விற்பவர்கள் இரண்டு பெண்கள். குவீன்ஸ்லாந்தில் வளர்ந்த கேட் மார்ட்டன் ஒருவர். சிட்னிக்காரரான லியான் மோரியார்ட்டி இன்னொருவர். இரண்டு பேருக்கும் உலகமெங்கும் வாசகர்கள். மோரியார்ட்டி 2014-இல் எழுதிய 'பிக் லிட்டில் லைஸ்' நாவலை 2017-இல் அமெரிக்காவில் தொலைக்காட்சித் தொடராக எடுத்தபோது, சிட்னிக் கடற்கரைக் கதையைக் கலிஃபோர்னியாக் கடற்கரைக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஊர் மாறினாலும் கதை நின்றது. வீட்டுக்குள் நடப்பதை வெளியே சொல்லாமல் இருப்பது எல்லா ஊரிலும் உள்ளதுதானே!

அந்த மண்ணில் ஏன் இத்தனை ரகசியம்?

ரகசியம் எல்லா நாட்டுக் கதையிலும் உண்டு. கர்ணன் கதையைவிடப் பெரிய குடும்ப ரகசியம் எது? ஆனாலும் ஆஸ்திரேலிய நாவல்களில் அது திரும்பத் திரும்ப வருவதற்கு அந்த நாட்டின் சரித்திரத்திலேயே காரணங்கள் இருக்கின்றன.

முதலாவது, கைதிகள். 1788 முதல் 1868 வரை பிரிட்டனிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் சுமார் 1,62,000 பேரைக் குற்றவாளிகள் என்று கப்பலேற்றி அங்கே கொண்டுபோய் இறக்கினார்கள். தண்டனை முடிந்ததும் பலர் அங்கேயே தங்கிக் குடும்பஸ்தர் ஆனார்கள். பேரப்பிள்ளைகளிடம் 'தாத்தா கைவிலங்கோடு வந்தவர்' என்று யார் சொல்வார்கள்? மறைத்தார்கள். ஒரு தீவே தன் பெயரை மாற்றிக்கொண்டது. வான் டீமன்ஸ் லேண்ட் என்றாலே கைதிகள்தான் நினைவுக்கு வருகிறார்கள் என்று 1856-இல் டாஸ்மேனியா ஆகிவிட்டார்கள். பிற்காலத்தில், குறிப்பாக 1988-இல் இருநூறாம் ஆண்டு கொண்டாடிய சமயத்தில், நிலைமை தலைகீழானது. கைதி மூதாதை இருந்தால் பெருமை என்று ஆவணக் காப்பகங்களில் தேடத் தொடங்கினார்கள்.

இரண்டாவது, குழந்தைகள். இதுதான் மனசைப் பிசைவது. பூர்வகுடிக் குழந்தைகளை அரசாங்கமே தாய்மாரிடமிருந்து பிரித்து விடுதிகளிலும் வெள்ளையர் வீடுகளிலும் வைத்தது. 1910 முதல் 1970 வரையில், பகுதிக்கும் காலத்துக்கும் தகுந்தபடி, பத்தில் ஒரு குழந்தை முதல் மூன்றில் ஒரு குழந்தை வரை இப்படிப் பிரிக்கப்பட்டது என்று 1997-இல் வந்த விசாரணை அறிக்கை கணக்கிட்டது. 2008 பிப்ரவரி 13 அன்று பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் இதற்காக மன்னிப்புக் கேட்டார்.

வெள்ளையரிலும் கல்யாணம் ஆகாத இளம் தாய்மார்களிடமிருந்து குழந்தையை வாங்கித் தத்துக் கொடுத்துவிடுவது 1950-களிலும் 60-களிலும் 70-களிலும் சர்வ சாதாரணம். பல தாய்மார்களை வற்புறுத்தியும் ஏமாற்றியும் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். தத்தெடுத்தவர்கள் பெயரிலேயே புதிய பிறப்புச் சான்றிதழ் கொடுத்து, பழைய ஆவணத்துக்கு முத்திரை வைத்துவிடுவார்கள். வளர்ந்தபின் அந்த ஆவணத்தைக் கேட்டுப் பார்க்கும் உரிமையை 1984-இல் விக்டோரியா மாநிலம்தான் முதலில் கொடுத்தது. 2013 மார்ச் 21 அன்று பிரதமர் ஜூலியா கில்லார்ட் இந்தத் தாய்மார்களிடமும் பிள்ளைகளிடமும் மன்னிப்புக் கேட்டார்.

மூன்றாவது, தூரம். இங்கிலாந்திலிருந்து கப்பலில் மாசக்கணக்கான பயணம். இறங்கும்போது புதுப் பெயர், புதுக் கதை சொன்னால் மறுத்துச் சொல்ல ஆள் கிடையாது. இறங்கிய பிறகும் வீட்டுக்கு வீடு தூரம். ஜேன் ஹார்ப்பர் 2018-இல் எழுதிய 'தி லாஸ்ட் மேன்' நாவலில், குவீன்ஸ்லாந்தின் உள்நாட்டுப் பாலைவெளியில் அண்ணன் தம்பிகளின் மாட்டுப் பண்ணைகள் அடுத்தடுத்து இருக்கின்றன. அடுத்தடுத்து என்றாலும் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் காரில் போக மணிக்கணக்கு ஆகும். அந்த வெட்டவெளியில் ஒரு வீட்டுக்குள் அடி விழுந்தால் யார் காதில் விழும்? ஊரே நல்லவன் என்று சொன்ன ஒருவன் வீட்டில் எப்படி இருந்தான் என்பதுதான் அந்த நாவல் மெல்ல மெல்ல அவிழ்க்கும் முடிச்சு.

ஆக, ஒரு தேசமே தன் பிறப்புச் சான்றிதழைப் பூட்டி வைத்திருந்தது என்று சொல்லலாம். அந்த ஊர் நாவலாசிரியர்கள் சாவி தேடுகிறார்கள்.

வெள்ளைப் பெட்டியோடு ஒரு குழந்தை

நான் முதலில் படித்தது கேட் மார்ட்டனின் 'தி ஃபர்காட்டன் கார்டன்'. 2008-இல் வந்தது. 1913-இல் குவீன்ஸ்லாந்தின் மேரிபரோ துறைமுகத்தில், லண்டனிலிருந்து வந்த கப்பல் காலியானபின், ஒரு சின்னப் பெண் குழந்தை சிறு வெள்ளைப் பெட்டியோடு தனியாக உட்கார்ந்திருக்கிறது. பெயர் சொல்லத் தெரியவில்லை, அல்லது சொல்ல மறுக்கிறது. துறைமுக அதிகாரி அவளை வீட்டுக்கு அழைத்துப் போகிறார். பிள்ளையில்லாத அவரும் மனைவியும் அவளுக்கு நெல் என்று பெயர் வைத்துத் தங்கள் மகளாகவே வளர்க்கிறார்கள். பிறகு அவர்களுக்குச் சொந்தமாகவும் பெண்கள் பிறக்கிறார்கள். வித்தியாசம் பார்ப்பதில்லை.

நெல்லுக்கு இருபத்தொரு வயசு ஆகும் அன்றைக்கு, மறைப்பது பாவம் என்று நினைத்து, அப்பா உண்மையைச் சொல்லிவிடுகிறார். சொன்னவர் நல்லவர். சொன்னதும் நல்ல எண்ணத்தில்தான். ஆனால் அந்த ராத்திரியோடு நெல்லின் வாழ்க்கை இரண்டாகிறது. நிச்சயித்திருந்த கல்யாணத்தை முறித்துக்கொள்கிறாள். தங்கைகளிடமிருந்து விலகுகிறாள். வயசான காலத்தில் இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரைக்குத் தன் வேரைத் தேடிப் போகிறாள். அவள் விட்ட இடத்திலிருந்து 2005-இல் பேத்தி கசாண்ட்ரா தொடர்கிறாள். முடிவைச் சொல்லமாட்டேன். படிக்கிறவர்கள் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

மெல்போர்னில் சோபாவில் சாய்ந்து இந்தப் பக்கங்களைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஏனென்றால் எங்கள் வீட்டிலும் ஒரு நெல் உண்டு. என் அண்ணன்.

அண்ணன் 1951-இல் பிறந்தவன். நான் 1954. அப்பா ரயில்வே உத்தியோகம், நாகபுரி. 1968-இல் கோடை லீவுக்குத் திருநெல்வேலிப் பக்கம் எங்கள் கிராமத்துக்குப் போனபோது ஆச்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு விஷயம் சொன்னாள். அண்ணன் என் அம்மா பெற்ற பிள்ளை இல்லை. அம்மாவின் தங்கை, என் சித்தி, அவனைப் பெற்ற ஒன்பதாம் நாள் போய்விட்டாள். சித்தப்பா வேறு கல்யாணம் பண்ணிக்கொண்டார். அம்மா அந்தப் பச்சைக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நாகபுரிக்கு ரயில் ஏறினாள். "அவங்கிட்ட மட்டும் சொல்லிராத தாயி" என்று ஆச்சி சத்தியம் வாங்கிக்கொண்டாள். நான் முப்பத்தாறு வருஷம் சொல்லவில்லை.

எழுதாமல் விட்ட ஒரு நாள்

எம்.எல். ஸ்டெட்மன் என்பவரின் 'தி லைட் பிட்வீன் ஓஷன்ஸ்' 2012-இல் வந்தது. இவர் பெர்த்தில் பிறந்தவர். இது இவருடைய முதல் நாவல். 2016-இல் திரைப்படமாகவும் வந்தது. இந்து மகா சமுத்திரமும் தென் சமுத்திரமும் சந்திக்கும் இடத்தில், ஜேனஸ் பாறை என்ற கற்பனைத் தீவில் ஒரு கலங்கரை விளக்கம். முதல் உலக யுத்தத்தில் கண்டதையெல்லாம் மறக்க நினைக்கும் டாம் அதைக் காக்கிறான். மனைவி இசபெல். மூன்று குழந்தைகளை அடுத்தடுத்துக் கருவிலேயே பறிகொடுத்தவள். 1926-இல் ஒரு படகு கரை ஒதுங்குகிறது. உள்ளே ஒரு ஆணின் பிணம், பக்கத்தில் உயிரோடு ஒரு கைக்குழந்தை.

கலங்கரை விளக்கக் காவலனுக்கு ஒரு கடமை உண்டு. காற்று, மழை, கப்பல் என்று ஒன்று விடாமல் குறிப்பேட்டில் எழுதவேண்டும். டாம் நேர்மையே உருவானவன். ஆனால் அழும் மனைவியைப் பார்த்து, அந்த ஒரு நாளை மட்டும் எழுதாமல் விட்டுவிடுகிறான். பிணத்தைப் புதைத்துவிட்டுக் குழந்தையைத் தங்களுடையது என்று வளர்க்கிறார்கள். பிறகு லீவில் கரைக்குப் போகும்போதுதான் தெரிகிறது, அந்த ஊரிலேயே ஒரு பெண் கடலில் போன தன் புருஷனையும் குழந்தையையும் நினைத்துப் பித்துப்பிடித்தவள்போல் இருக்கிறாள் என்பது.

இந்த நாவலின் சிறப்பு, இதில் கெட்டவர் யாரும் இல்லை என்பது. பெற்றவள் பக்கமும் நியாயம், வளர்த்தவள் பக்கமும் நியாயம். இசபெல் அந்தக் குழந்தையை உயிராக நேசிக்கிறாள். அந்த நேசத்தாலேயே இன்னொருத்தியைக் கொல்லாமல் கொல்கிறாள்.

எனக்கு இந்தக் கதைகள் எல்லாவற்றிலும் புரிந்த முக்கியமான விஷயம் இதுதான். இவற்றில் ரகசியத்தைக் காப்பது பெரும்பாலும் வெறுப்பு இல்லை, பாசம். மறைப்பவர்கள் எல்லோரும் 'அதன் மனசு புண்படக்கூடாது' என்றுதான் மறைக்கிறார்கள். ஆனால் வருஷம் ஆக ஆக, அது யாரைக் காக்கிறது என்பது மாறிவிடுகிறது. குழந்தைக்காக மறைத்தது, பிறகு மறைத்தவர்களைக் காப்பதற்காகவே தொடர்கிறது.

மோரியார்ட்டியின் 'தி ஹஸ்பண்ட்ஸ் சீக்ரெட்' (2013) இதையே சிட்னியின் நடுத்தரக் குடும்பத்தில் வைத்துச் சொல்கிறது. செசீலியா மூன்று பெண்களின் தாய். டப்பர்வேர் டப்பாக்கள் விற்பதில் கெட்டிக்காரி, பள்ளிக்கூடக் காரியம் எல்லாவற்றிலும் முன்னால் நிற்பவள். நம் சங்கத்திலும் இப்படி இரண்டு பேர் உண்டு, பெயர் சொன்னால் அடிக்க வருவார்கள். அவள் பரணில் ஒரு உறை கண்டெடுக்கிறாள். 'நான் இறந்தபின் மட்டுமே பிரிக்கவும்' என்று புருஷன் கையெழுத்து. அவரோ உயிரோடு, வேலையாக வெளிநாட்டில் இருக்கிறார். பிரிப்பதா, வேண்டாமா? பிரித்தபின், தெரிந்ததைத் தெரியாததாக ஆக்க முடியுமா? நாவலின் பாதியிலேயே ரகசியம் நமக்குத் தெரிந்துவிடுகிறது. மீதிப் பாதி, தெரிந்தபின் ஒரு மனைவி என்ன செய்வாள் என்பது. என் மதிப்பில் அந்தப் பாதிதான் உயர்ந்தது.

வீட்டுக்கு அடியில் ஒரு மீன்

இதுவரை சொன்னவை வீட்டுக்குள் இருக்கும் ரகசியங்கள். இன்னொரு வகை நாவல்கள், வீடு நிற்கும் மண்ணையே தோண்டுகின்றன.

கேட் கிரென்வில் 2005-இல் 'தி சீக்ரெட் ரிவர்' எழுதினார். லண்டனில் தேம்ஸ் நதியில் படகோட்டும் வில்லியம் தார்ன்ஹில், திருடியதற்காகத் தூக்குத் தண்டனை பெற்று, அது நாடு கடத்தலாகக் குறைந்து, 1806-இல் மனைவி சாலோடு சிட்னிக்கு வருகிறான். பிறகு ஹாக்ஸ்பரி நதிக்கரையில் ஒரு துண்டு நிலத்தைப் பார்த்து ஆசைப்படுகிறான். லண்டனில் ஒரு சாண் மண்கூட இல்லாதவன் அவன். அந்த ஆசையை நாமும் புரிந்துகொள்கிறோம். ஆனால் அந்த நிலத்தில் தலைமுறை தலைமுறையாக மக்கள் இருக்கிறார்கள். அங்கே பாறையில் அவர்கள் செதுக்கிய ஒரு மீன் இருக்கிறது. கடைசியில், ஒரு படுகொலையில் பங்கெடுத்தபின், பணக்காரனாகித் தார்ன்ஹில் கட்டும் கல் வீடு அந்த மீனின் மேலேயே எழும்புகிறது. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அடியில் இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியும்.

இது கிரென்வில்லின் சொந்த முன்னோர் சாலமன் வைஸ்மன் என்பவரின் கதையிலிருந்து பிறந்தது. அவர் நதிக்கரையில் நிலத்தை 'எடுத்துக்கொண்டார்' என்று அம்மா சொல்லிக் கேட்டே வளர்ந்தவர் ஆசிரியை. 2000-ஆம் ஆண்டு மே மாசம் சிட்னித் துறைமுகப் பாலத்தில் பூர்வகுடி மக்களோடு சமரசம் வேண்டி லட்சக்கணக்கானோர் நடந்தார்கள். அதில் இவரும் நடந்தார். அன்றைக்கு ஒரு பூர்வகுடிப் பெண்ணின் கண்ணைச் சந்தித்தபோது, யாரிடமிருந்து எடுத்துக்கொண்டார் என்ற கேள்வி அவருக்கு எழுந்தது. ஒரு வினைச்சொல்லுக்குள் எவ்வளவு ஒளிந்துகொள்ள முடியும், பாருங்கள்! டபிள்யூ.ஈ.எச். ஸ்டானர் என்ற மானிடவியலாளர் 1968-இல் வானொலிச் சொற்பொழிவுகளில் இதை ஆஸ்திரேலியாவின் மாபெரும் மௌனம் என்று வர்ணித்தார்.

அந்த மௌனத்தை மறுபக்கத்திலிருந்து உடைத்த புத்தகம் ஒன்று உண்டு. நாவல் இல்லை, தன்வரலாறு. ஆனாலும் அதை விட்டுவிட்டு இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. சாலி மார்கன் 1987-இல் எழுதிய 'மை ப்ளேஸ்'. பெர்த்தில் வளர்ந்த சின்னப் பெண் அவர். பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள், 'நீங்கள் எந்த நாட்டவர்?' என்று கேட்டார்கள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டாள். அம்மா என்ன சொல்லச் சொன்னாள் தெரியுமா? இந்தியர்கள் என்று சொல்லச் சொன்னாள்!

நாம் வாய் பிளந்து நிற்கவேண்டிய இடம் இது. நம் தேசத்தின் பெயரை ஒரு தாய் தன் பிள்ளைகளுக்குக் கவசமாக மாட்டியிருக்கிறாள். அவர்கள் உண்மையில் பூர்வகுடிகள். வெளியே தெரிந்தால் பிள்ளைகளைப் பறித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம். அந்தத் தாயே சின்னக் குழந்தையாக இருக்கும்போது விடுதியில் விடப்பட்டவள். வளர்ந்தபின் சாலி தன் உறவுகளைத் தேடி வடக்கே பில்பரா வரை போய்க் கண்டுபிடிக்கிறாள். ஆனால் பாட்டி டெய்சி சில விஷயங்களைக் கடைசிவரை சொல்லவே இல்லை. மனசோடு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எல்லா ரகசியமும் பேத்தி கேட்டால் வெளியே வந்துவிடாது என்பதற்கு இது சாட்சி.

வெளிமாநிலத்தில் தமிழை வைத்துக்கொண்டு போராடும் நமக்கு இன்னொரு நாவல் நெருக்கமாக இருக்கும். விராஜுரி இனத்தவரான தாரா ஜூன் விஞ்ச் எழுதிய 'தி யீல்ட்' (2019). தாத்தா சாகப்போகிறோம் என்று தெரிந்ததும் தன் தாய்மொழிக்கு ஒரு அகராதி எழுதத் தொடங்குகிறார். ஒவ்வொரு சொல்லுக்கும் அர்த்தம் எழுதும் சாக்கில் குடும்பக் கதையையும் மறைத்து வைத்த துயரங்களையும் எழுதிவிடுகிறார். இங்கிலாந்திலிருந்து சாவுக்கு வரும் பேத்தி ஆகஸ்ட், சின்ன வயசில் காணாமல் போன தன் அக்காவின் நினைவோடும் அந்தச் சொற்களோடும் மல்லுக்கு நிற்கிறாள். மொழி போனால் ரகசியம்கூட மிஞ்சாது, வெறும் வெறுமைதான் மிஞ்சும் என்று எனக்குத் தோன்றியது. 2020-இல் இதற்கு மைல்ஸ் ஃபிராங்க்ளின் விருது கிடைத்தது.

விருது பெற்ற தமிழ்க் குடும்பம்

அது ஆஸ்திரேலியாவின் பெரிய நாவல் விருது. 1957 முதல் கொடுக்கிறார்கள். யார் பெயரில் இருக்கிறதோ அந்த அம்மையாரே பெரிய ரகசியக்காரி. ஸ்டெல்லா என்ற தன் பெயரை விட்டு, ஆண் பெயர்போல் ஒலிக்கும் மைல்ஸ் என்ற பெயரில் எழுதினார். வேறொரு புனைபெயரிலும் பல நாவல் எழுதி, அது நான்தான் என்று சாகும்வரை வெளியே ஒப்புக்கொள்ளவில்லை.

2023-இல் அந்த விருதை வாங்கியவர் ஒரு தமிழ்ப் பெண். சங்கரி சந்திரன். இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்து, கான்பெராவில் வளர்ந்த வழக்கறிஞர். நாவல் 'சாய் டைம் அட் சினமன் கார்டன்ஸ்'. சிட்னிப் புறநகரில் மாயாவும் ஜாகிரும் நடத்தும் ஒரு முதியோர் இல்லம். இடியாப்பமும் சொதியும் மணக்கும் இடம் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனால், ஒவ்வொரு அறையிலும் இலங்கை யுத்தம் படுத்திருக்கிறது. இல்லத்தில் இருந்த கேப்டன் குக் சிலையை எடுத்தார்கள் என்ற பழைய விஷயத்தை யாரோ கிளப்ப, அக்கம்பக்கத்தின் வெறுப்பும் வெளியே வருகிறது. மாயாவுக்கும் ஒரு ரகசியம் உண்டு. தன் பெயரில் எழுதியதை யாரும் பதிப்பிக்காததால், ஒரு வெள்ளைக்காரப் பெயரில் நாவல் எழுதிப் புகழ் பெற்றவள் அவள்.

இதில் ஆசிரியையின் சொந்த அனுபவமும் இருக்கிறது. மூன்று தலைமுறைத் தமிழ்க் குடும்பம் ஒன்றைப் பற்றிய அவருடைய முதல் நாவலை ஆஸ்திரேலியாவில் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. 2017-இல் அது முதலில் இலங்கையில்தான் வந்தது. ஆறே வருஷத்தில், ஆஸ்திரேலிய வாழ்க்கையைச் சொல்லும் நாவல்களுக்கான விருதே அவர் கைக்கு வந்தது. மகள் எனக்கு அனுப்பிவைத்த இந்தப் புத்தகத்தைத்தான் நம் சங்கத்துப் பிள்ளைகளுக்கு முதலில் படிக்கக் கொடுப்பேன்.

குறைகள் இல்லையா?

உண்டு. கேட் மார்ட்டன் நாவல்களில் தற்செயல் அதிகம். தேடுகிறவள் கைக்குச் சரியான கடிதம் சரியான நேரத்தில் கிடைத்துவிடும். ஐந்நூறு பக்கத்தில் இருநூறைக் குறைத்திருக்கலாம். கடைசியில் எல்லா முடிச்சும் அவிழ்ந்து, எல்லோரும் எல்லோரையும் புரிந்துகொள்வார்கள். நிஜத்தில் அப்படி நடப்பதில்லை. எங்கள் வீட்டில் நடக்கவில்லை.

2004-இல் அப்பா காலமானார். காரியத்துக்கு ஊரிலிருந்து வந்த ஒரு தாத்தா, அண்ணன் தோளைத் தட்டி, "பெத்தவன் இல்லன்னாலும் வளத்தவனுக்குக் கொள்ளி வச்சிட்டியேப்பா" என்று மெச்சிவிட்டார். அவனுக்குத் தெரியும் என்று நினைத்துவிட்டார், பாவம். அண்ணனுக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயசு. யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ராத்திரி என்னிடம் வந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டான்: "உனக்கும் தெரியுமா?" தலையாட்டினேன். அதன்பின் எட்டு மாசம் என்னோடு பேசவில்லை. அம்மாவிடம் அவனுக்குக் கோபமே இல்லை. கோபமெல்லாம் என்மேல்தான். 'எல்லோருக்கும் தெரிந்த என் கதை எனக்கு மட்டும் தெரியாமல் இருந்ததே' என்ற அவமானம் அது. பிறகு பேசினான், போனான், வந்தான். ஆனால் அந்தப் பேச்சை நாங்கள் எடுக்கவே இல்லை. மறுபடியும் ஒரு மௌனம்.

2015-இல் மெல்போர்னிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு ஃபோன் பண்ணியபோது, என்ன படிக்கிறாய் என்று கேட்டான். நெல்லின் கதையைச் சொன்னேன். துறைமுகம், வெள்ளைப் பெட்டி, இருபத்தொன்றாம் பிறந்தநாள் எல்லாம் சொன்னேன். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. பிறகு கேட்டான்: "அந்தப் பொண்ணு கடைசில பெத்தவ யாருன்னு கண்டுபிடிச்சாளா?"

ஊர் திரும்பியதும் அம்மாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அம்மா இறந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. அடியில், கல்யாணப் புடவைக்குக் கீழே, சித்தியின் புகைப்படம் ஒன்று இருந்தது. பதினேழு, பதினெட்டு வயசு இருக்கும். அண்ணனுக்கு அதே நெற்றி. அதை ஒரு உறையில் போட்டு அவன் கையில் கொடுத்தேன். இன்றைக்கு அது அவன் வீட்டுச் சாமி அறையில், அப்பா அம்மா படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

நமக்கு இதில் என்ன?

கிராமத்தில் இருந்திருந்தால் என் அண்ணனுக்கு இது பத்து வயசிலேயே தெரிந்திருக்கும். திண்ணையில் யாராவது சொல்லியிருப்பார்கள். வலித்திருக்கும், பழகியிருக்கும். ஊரைவிட்டு வந்ததால்தான் எங்கள் வீட்டு ரகசியம் இத்தனை பத்திரமாக இருந்தது. கப்பலில் போய் இறங்கிய ஆஸ்திரேலியர்களுக்கு நடந்தது, ரயிலில் வந்து இறங்கிய நமக்கும் கொஞ்சம் நடந்திருக்கிறது. இங்கே நம்மைப் பற்றி நாம் சொல்வதுதான் கதை. மறுத்துச் சொல்ல அத்தையும் இல்லை, அடுத்த வீட்டுக்காரரும் இல்லை. நம் பிள்ளைகள் கேட்கவேண்டுமென்றால் நம்மிடம்தான் கேட்கவேண்டும்.

எல்லாவற்றையும் போட்டு உடையுங்கள் என்று நான் சொல்லவில்லை. நெல்லின் அப்பா சொன்ன விதத்தையும் பார்த்தோம். டெய்சிப் பாட்டியின் மௌனத்துக்கும் ஒரு மரியாதை உண்டு. அது அவளுடைய வேதனை. சொல்வதும் சொல்லாததும் அவள் இஷ்டம். ஆனால் ஒருவருடைய பிறப்பு, ஒருவருடைய தாய், இது அவருடைய சொத்து. நாம் காவல்காரர்கள் மட்டுமே. டாமின் குறிப்பேடுபோல, அதில் ஒரு நாளை எழுதாமல் விட நமக்கு அதிகாரம் கிடையாது.

நம் சங்கத்து அன்பர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று. வரும் பொங்கல் லீவில் பிள்ளைகளையோ பேரப்பிள்ளைகளையோ பக்கத்தில் உட்காரவைத்து, பழைய புகைப்படப் பெட்டியைத் திறங்கள். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் பென்சிலால் பெயர் எழுதுங்கள். பெயர் சொல்லத் தயங்கும் முகம் ஒன்று நிச்சயம் வரும். அதை வேகமாகத் தள்ளிவிடாமல், கொஞ்சம் நின்று யோசியுங்கள்.

சித்தியின் படத்துக்குப் பின்னால் அம்மா பெயர் எழுதியிருக்கவில்லை. அதை அண்ணன்தான் எழுதினான்.